கடல் தண்ணீர் குடிநீரான கதை

(பண்ணை வானொலி உரை)



கடற்கரை ஓரத்துக் கிராமங்களில் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கலாம். “கண்ணுக்கு எட்டின தூரம் தண்ணியாத்தான் கெடக்கு. அதுல இருக்கிற உப்பை எடுக்க ஒரு மிஷினை வச்சுட்டா, மழையையும் பார்க்க வேணாம், மேட்டூரையும் பார்க்க வேணாம். ஏன் செய்ய மாட்டேங்கிறாங்க?”

நியாயமான கேள்விதான். அப்படி ஒரு மிஷின் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-ஆம் வருஷம் ஒன்று வந்தது. தெற்கே நெம்மேலியில் 2013-இல் இன்னொன்று. இரண்டும் தினம் 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்காகக் கட்டியவை. நெம்மேலியிலேயே 2024-இல் 15 கோடி லிட்டருக்கு மூன்றாவதும் வந்தது. அப்படியானால் வயலுக்கு ஏன் வரவில்லை?

இந்த மிஷின் எங்கே பிறந்தது, எவ்வளவு செலவில் தொடங்கியது, அந்தச் செலவு எப்படி இறங்கியது, இன்னும் எவ்வளவு இறங்கும் என்று பார்த்துக்கொண்டே வந்தால், பதில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கொதிக்க வைத்த காலம்

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. கொதிக்க வைத்தால் ஆவி மேலே போகும், உப்பு பானையில் தங்கும். அந்த ஆவியைக் குளிர வைத்தால் நல்ல தண்ணீர். இதைக் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் 2,300 வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். நம் ஊர் உப்பளத்தில் நடப்பதும் இதில் ஒரு பாதிதான். அங்கே உப்பை வைத்துக்கொண்டு ஆவியை விட்டுவிடுகிறோம்.

நடுக்கடலில் குடிதண்ணீர் தீர்ந்துபோன மாலுமிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1791-இல் அமெரிக்காவில் ஒருவர், ஒரு ரகசிய மருந்தைச் சேர்த்துக் காய்ச்சினால் கடல் தண்ணீர் சுலபமாக நல்ல தண்ணீராகும் என்று சொல்லி அரசாங்கத்திடம் வெகுமதி கேட்டார். அப்போது வெளியுறவு மந்திரியாக இருந்தவர் தாமஸ் ஜெஃபர்சன். அவர் சும்மா நம்பவில்லை. மருந்து போட்டும் போடாமலும் காய்ச்சிப் பார்க்கச் சொன்னார். ரெண்டிலும் கிடைத்த தண்ணீரையும் எரிந்த விறகையும் ஒப்பிட்டார்கள். மருந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்தது. எவ்வளவு விறகுக்கு எவ்வளவு தண்ணீர் என்று அன்றைக்கு அவர் கேட்டாரே, இந்தத் தொழிலின் மொத்தச் சரித்திரமும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

கணக்கைப் பாருங்கள். தண்ணீரைச் சூடாக்கிக் கொதி நிலைக்குக் கொண்டு போவது சின்ன வேலை. கொதித்த தண்ணீரை ஆவியாக்குவதுதான் பெரிய வேலை. 1,000 லிட்டரை ஆவியாக்க 600 யூனிட் கரண்டுக்கு மேல் வேண்டும். விறகில் சொன்னால், கொஞ்சம்கூடச் சூடு வீணாகாத அடுப்பாக இருந்தாலும் 150 கிலோவுக்கு மேல் காய்ந்த விறகு எரிய வேண்டும். வீணாகாத அடுப்பு எங்கே இருக்கிறது? நிஜத்தில் அதைப்போலப் பல மடங்கு ஆகும்.

ஒரு ஏக்கர் கண்ணாடி

விறகு செலவு, வெயில் சும்மா வருதே என்று நினைப்பீர்கள். அதையும் செய்து பார்த்தவர்கள் உண்டு. தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. அதன் வடக்கே மழையே காணாத அட்டகாமா பாலைவனம். அங்கே லாஸ் சாலினாஸ் என்ற இடத்தில் சுரங்கம் இருந்தது. சுமை இழுக்கிற கோவேறு கழுதைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. கிடைத்த தண்ணீர் கடலை விடக் கரிப்பு. 1872-இல் சார்லஸ் வில்சன் என்ற இஞ்சினியர் மரத்தொட்டிகள் கட்டி, மேலே கண்ணாடியைச் சாய்வாக வைத்து மூடினார். வெயிலில் எழுந்த ஆவி கண்ணாடியில் பட்டு, துளித்துளியாக வழிந்து ஓரத்து வாய்க்காலில் இறங்கியது. ஒரு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட கண்ணாடிப் பரப்பு. நல்ல வெயில் நாளில் 20,000 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் தந்தது. சுமார் 40 வருஷம் நடந்தது.

கழுதைகளுக்குச் சரி. வயலுக்கு? ஒரு ஏக்கரில் 20,000 லிட்டரைப் பரப்பினால் 5 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். ஒரு நாளைக்குப் பயிர் குடிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படியென்றால் ஒரு ஏக்கர் பயிருக்கு ஒரு ஏக்கர் கண்ணாடி போட வேண்டும்! வெயில் இலவசம், ஆனால் அதைப் பிடிக்கிற கண்ணாடி இலவசம் இல்லை.

கரும்புச் சாறு காட்டிய வழி

செலவைக் குறைக்கிற முதல் பெரிய யோசனை வெல்லக் கொப்பரையிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் லூசியானா பிரதேசத்தில் கரும்பு உண்டு. அங்கே அடிமை மக்கள் கொதிக்கிற சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து மறு கொப்பரைக்குக் கரண்டியால் மொண்டு ஊற்றுவார்கள். வெந்து செத்தவர்களும் உண்டு. நியூ ஆர்லியன்ஸில் 1806-இல் பிறந்த நார்பெர்ட் ரில்லியூ, கறுப்பினத் தாய்க்கும் வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் பிறந்தவர். பாரீஸில் படித்து வந்தார். சாறு காய்ச்சும்போது எழுகிற ஆவி கூரையைத் தாண்டிச் சும்மா போகிறதே, அதிலும் சூடு இருக்கிறதே என்று யோசித்தார்.

கொப்பரைகளை மூடினார். முதல் கொப்பரையில் எழுந்த ஆவியைக் குழாயில் பிடித்து இரண்டாவது கொப்பரையைச் சூடாக்கினார். அதன் ஆவியால் மூன்றாவதை. ஒவ்வொரு கொப்பரையிலும் காற்றழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். அழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஊட்டி மலைமேலே 100 டிகிரி வருவதற்கு முன்பே தண்ணீர் கொதித்துவிடுகிறதல்லவா, அதே கதைதான். 1840-களில் இதற்குப் பேட்டண்ட் வாங்கினார். ஒரு அடுப்புக்கு எரித்த எரிபொருளில் மூன்று கொப்பரை வேலை நடந்தது. பிற்பாடு கப்பல்களிலும் கடற்கரைகளிலும் கடல் தண்ணீர் காய்ச்சியவர்கள் இதே வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த படி அரபு நாட்டில். குவைத்தில் குடிக்க ஆறு இல்லை, ஏரி இல்லை. 1950-களின் தொடக்கம் வரை ஷட்டல் அராப் ஆற்றிலிருந்து பாய்மரப் படகில் தண்ணீர் ஏற்றி வந்துதான் விற்றார்கள். பெட்ரோல் பணம் வந்ததும் கடல் தண்ணீர் காய்ச்சும் ஆலை வந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் சில்வர் ஒரு புது முறையைக் கொண்டு வந்தார். சூடேற்றிய கடல் தண்ணீரை வரிசையாகப் பல அறைகளில் விடுவது. ஒவ்வொரு அறையிலும் அழுத்தம் குறைவு. நுழைந்த உடனே தண்ணீர் குபீரென்று ஆவியாகும். அந்த ஆவி குளிரும்போது விடுகிற சூட்டை, புதிதாக உள்ளே வருகிற கடல் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். இதனால் ஒரே சூட்டை எட்டுப் பத்துத் தடவை பயன்படுத்த முடிந்தது. 1960 முதல் வளைகுடா நாடுகள் இதைக் கொண்டுதான் தாகம் தீர்த்தன. நம் கல்பாக்கத்தில் அணுமின் நிலைய நீராவியின் சூட்டை வைத்து இதே முறையில் ஒரு பகுதியும், அடுத்துச் சொல்லப்போகிற சவ்வு முறையில் மறு பகுதியுமாக ஆலை கட்டியிருக்கிறார்கள்.

சவ்வு வந்தது

எத்தனை தடவை திருப்பிப் பயன்படுத்தினாலும் காய்ச்சுவது காய்ச்சுவதுதான். பெட்ரோல் கிணறு இல்லாத நாடு என்ன செய்யும்? காய்ச்சாமலே உப்பைப் பிரிக்க முடியாதா?

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைக்கிறோம். மறுநாள் பார்த்தால் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கிறது. மாங்காய்க்குள் இருந்த தண்ணீரை உப்பு வெளியே இழுத்துவிட்டது. தண்ணீர் எப்போதும் உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு கூடின பக்கத்துக்குத் தோலைக் கடந்து போகும். உப்பேறிய வயலில் ஈரம் இருந்தும் பயிர் வாடுவது இதனால்தான். வேர் இழுக்கப் பார்க்கிறது, உப்பு விட மாட்டேன் என்கிறது. இதையே திருப்பிப் போட்டால் என்ன? உப்புத் தண்ணீர் இருக்கிற பக்கத்தில் உப்பு இழுப்பதைக் காட்டிலும் பலமாக அழுத்தினால், தண்ணீர் மட்டும் தோலைக் கடந்து இந்தப் பக்கம் வரும். இதுதான் எதிர்ச் சவ்வூடு பரவல். வீட்டில் ‘ஆர்.ஓ.’ என்கிறோமே, அதுவேதான்.

1950-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரீட் என்பவர், பஞ்சு, மரக்கூழ் இவற்றிலிருந்து தயாரிக்கும் செல்லுலோஸ் அசிட்டேட் தாளுக்கு உப்பைத் தடுக்கிற குணம் உண்டென்று காட்டினார். ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும் சீனிவாச சௌரிராஜனும் அந்தத் தாளோடு மல்லுக்கட்டினார்கள். இந்தச் சௌரிராஜன் இந்தியாவில் பிறந்தவர். திருக்கண்ணபுரம் பெருமாளின் பெயர் அது. 1960-ஐ ஒட்டி இருவரும் ஒரு தாளைச் செய்து முடித்தார்கள். அதன் ஒரு முகம் மட்டும் மெல்லிய இறுகிய தோல், மீதியெல்லாம் கடற்பஞ்சு மாதிரி. உப்பைத் தடுக்க அந்த மெல்லிய தோலே போதும். தண்ணீர் வரத்து பத்து மடங்கு பெருகியது. 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற ஊரில், கரிப்பான நிலத்தடி நீரை இந்தச் சவ்வில் விட்டு, தினம் 19,000 லிட்டர் குடிநீர் எடுத்தார்கள்.

1970-களின் கடைசியில் ஜான் கடாட் என்ற அமெரிக்கர் அதைவிட மெல்லிய, அதைவிட உறுதியான சவ்வைக் கொண்டு வந்தார். அதன் வேலை செய்கிற தோல், ஒரு மில்லிமீட்டரை 5,000 பங்கு போட்டால் ஒரு பங்கு கனம் இருந்தாலே அதிகம். பாய் சுருட்டுகிற மாதிரி அதைச் சுருட்டிக் குழாய்க்குள் அடைத்தார்கள். இன்றைக்கு உலகமெங்கும் ஓடுவது அந்த வம்சம்தான்.

வீணாய்ப் போன விசை

சவ்வு வந்தும் செலவு உடனே இறங்கவில்லை. ஏன் என்பதைக் கிணற்றுக் கணக்கில் சொல்கிறேன். 33 அடி உயரத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் தரும். கடல் தண்ணீரைச் சவ்வில் தள்ள சுமார் 60 கிலோ அழுத்தம் வேண்டும். அதாவது 2,000 அடி ஆழ போர் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றுகிற பம்பு. அப்படித் தள்ளியும் 100 லிட்டரில் 40 லிட்டர்தான் நல்ல தண்ணீராக வரும். மீதி 60 லிட்டர் இன்னும் கரிப்பாகி, வாங்கின அழுத்தத்தோடு வெளியே வரும். ஆரம்பத்தில் அதை வால்வைத் திறந்து கடலிலே விட்டுவிட்டார்கள். பாதிக்கு மேல் விசை சும்மா போனது. 1970-களில் 1,000 லிட்டருக்கு 10 யூனிட்டுக்கு மேல் கரண்டு பிடித்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஏற்றம் இறைத்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் இறங்குகிற எடைதான் மறு பக்கத்துச் சாலைத் தூக்குகிறது. அந்தப் புத்தி இங்கேயும் வந்தது. முதலில் வெளியேறும் தண்ணீரை ஒரு சக்கரத்தில் பாய்ச்சி, அந்தச் சுழற்சியைப் பம்புக்குக் கொடுத்தார்கள். பிறகு நார்வே நாட்டு லீஃப் ஹாவ்கே, துளைகள் போட்ட பீங்கான் உருளை ஒன்றைச் செய்தார். அது சுழலும்போது, வெளியே போகிற கரிப்புத் தண்ணீர் உள்ளே வருகிற புதுக் கடல் தண்ணீரை நேரடியாக நெட்டித் தள்ளும். நடுவில் சக்கரம் இல்லை, மோட்டார் இல்லை. வெளியே போகிற விசையில் 100-க்கு 95 பங்குக்கு மேல் திரும்பிவிடும். 1990-களின் கடைசியிலிருந்து இது பரவியது. பெரிய பம்பு இப்போது 40 லிட்டருக்கு உண்டான வேலையைச் செய்தால் போதும்.

600 யூனிட்டில் தொடங்கிய கதை இப்போது 1,000 லிட்டருக்கு 3 யூனிட்டிலிருந்து 4 யூனிட்டில் வந்து நிற்கிறது. 2005-இல் இஸ்ரேலின் அஷ்கலோனில் திறந்த ஆலை 1,000 லிட்டரைச் சுமார் அரை டாலருக்குக் கொடுத்தது. 2023-இல் துபாயில் ஒரு ஆலைக்கு 37 சென்டுக்கும் குறைவாக டெண்டர் விழுந்தது. சாதாரண சாதனை இல்லை.

இதற்குக் கீழே போகாது

அப்படியே போனால் இன்னும் பத்து வருஷத்தில் சும்மா கிடைக்குமா? கிடைக்காது. உப்பு தண்ணீரைப் பிடித்து இழுக்கிறதே, அந்த இழுப்புக்கு ஒரு அளவு இருக்கிறது. கடல் தண்ணீருக்கு அது சுமார் 27 கிலோ அழுத்தம். கிணற்றுக் கணக்கில் 900 அடி. உலகத்தில் எந்த விஞ்ஞானி எந்த மிஷினைச் செய்தாலும், கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிப்பது 900 அடி போர் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றுவதற்குச் சமமான வேலைக்குக் குறையாது. எடுக்க எடுக்க மிச்சமிருக்கும் தண்ணீரின் கரிப்பு ஏறுவதால், பாதித் தண்ணீரைப் பிரித்தெடுக்க 1,000 லிட்டருக்கு 1 யூனிட் கண்டிப்பாக வேண்டும். இது இயற்கை போட்ட கணக்கு. நாம் 3-க்கு வந்துவிட்டோம். இன்னும் கொஞ்சம் இறங்கலாம். கடல் தண்ணீரைச் சவ்வுக்கு முன்னால் வடிகட்டுவதிலும், பாசி அடைப்பதைத் தடுப்பதிலும், சூரிய மின்சாரம் சேர்ப்பதிலும் இன்னும் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் 600 மூன்றானது போல, மூன்று இனி பூஜ்யம் ஆகாது.

இப்போது வயலுக்கு வருவோம். ஒரு ஏக்கர் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் 48 லட்சம் லிட்டருக்கு மேல். காட்டுப்பள்ளி ஆலைக்கு ஒப்பந்தம் போட்டபோது பேசின விலை 1,000 லிட்டருக்கு 48 ரூபாய் 66 பைசா. பெருக்கிப் பாருங்கள். ஒரு ஏக்கர் தண்ணீருக்கு 2 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய்க்கு மேல். நெல் வித்த காசு எவ்வளவுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பெயினில் அல்மேரியா பக்கத்து விவசாயிகள் இந்தத் தண்ணீரைக் கலந்து தக்காளியும் மிளகாயும் போடுகிறார்கள், உண்மைதான். அது கூரைப் பந்தலுக்குள் சொட்டு நீரில், ஏற்றுமதிக்குப் போகிற காய்கறி. அதிலும் கவனம் வேண்டும். சவ்வு, சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்தே எடுத்துவிடும். போரான் மட்டும் கொஞ்சம் நழுவி வரும். இஸ்ரேலில் இதனால் பயிருக்குக் குறை வந்ததை அந்நாட்டு விஞ்ஞானிகள் 2007-இல் எழுதினார்கள்.

கிணறு கரிச்சவர்களுக்கு ஒரு வார்த்தை. கிணற்று நீரின் கரிப்பு கடலில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதற்கு 10, 15 கிலோ அழுத்தம் போதும். ஊர்க் குடிநீருக்கு அப்படி ஒரு சிறிய ஆலை கட்டுபடியாகும். ஆனால் அதிலிருந்து கழிகிற கரிப்புத் தண்ணீரை வாய்க்காலிலோ வயலிலோ விட்டுவிடாதீர்கள். மண் கெட்டுப் போகும். கடற்கரை ஆலைகள் விடுகிற கரிப்புத் தண்ணீரைப் பற்றி மீனவர்கள் கவலைப்படுவதும் இதே காரணத்தால்தான்.

மீஞ்சூர் சொல்லும் பாடம்

கடைசியாக ஒன்று. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாய்கிற மீஞ்சூர்ப் பக்கம் ஒரு காலத்தில் நல்ல நிலத்தடி நீர் இருந்தது. 1960-களின் கடைசியிலிருந்து பட்டணத்துக்கும் தொழிற்சாலைக்கும் அங்கிருந்து குழாய்க் கிணறுகளில் இறைத்தார்கள். வயலுக்கும் இறைத்தோம். கடல் பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதே மீஞ்சூர்க் கரையில்தான் பிற்பாடு கரண்டு செலவழித்து உப்பைப் பிரிக்க வேண்டி வந்தது.

நிலத்துக்கு அடியில் ஒரு தராசு இருக்கிறது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே உப்புத் தண்ணீரை 40 அடி ஆழத்துக்கு அமுக்கி வைக்கும். அந்த 1 அடியை இறைத்துவிட்டால் உப்பு 40 அடி ஏறி வரும். நூற்றில் 5 பங்கு கடல் தண்ணீர் கலந்தாலே கிணறு குடிக்க ஆகாது. 1 அடி மழைத்தண்ணீர் காசு வாங்காமல் செய்கிற காவலை, மிஷின் செய்ய வேண்டுமென்றால் 900 அடி ஏற்றுகிற கூலி கேட்கும்.

ஆகவே கடலோர விவசாயிகள் ஏரியைத் தூர் வாருவதும், ஐப்பசி கார்த்திகை மழையை வரப்பு உயர்த்தி நிலத்தில் இறக்குவதும், கோடையில் பக்கத்துக் கிணற்றுக்காரரோடு பேசி முறை வைத்து இறைப்பதும் பழைய வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். இதைவிட மலிவான கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை உலகத்தில் இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் பின்பும், கிணற்றுத் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பு அளவைக் குறித்து வையுங்கள். போன வருஷத்தை விட ஏறியிருந்தால், கடல் உங்கள் வயலுக்கு அடியில் நடந்து வருகிறது என்று அர்த்தம். இறைப்பதைக் குறைத்தால் அதை அங்கேயே நிறுத்தலாம்.